மறுகால் இல்லாத குளம்

கோயம்புத்தூரில் என் மைத்துனர் வீட்டு மொட்டைமாடி அறையில் பதினாறு செல்கள் இரண்டு வரிசையாக நின்றன. நீல உறை போர்த்திய செங்கல் போல இருக்கும். தூக்கினால் செங்கல்லைவிடக் கனம், ஒன்று ஐந்து கிலோவுக்கு மேல். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, ஒவ்வொன்றும் 280 ஆம்பியர்-மணி. எல்லாம் சேர்ந்தால் பதினான்கு யூனிட் மின்சாரம் கொள்ளும். இரவு முழுக்க வீட்டுக்குப் போதும், மின்விசிறி, ஃபிரிட்ஜ், ஒரு ஏசி உட்பட.

மல்டிமீட்டரை வைத்து ஒவ்வொன்றாக அளந்தார். 3.29. 3.29. 3.30. 3.29. பதினாறும் அதே சுதியில் பாடின. "ஒரு வயித்துப் புள்ளைக மாதிரி இருக்குதுங்க மாமா" என்றார். செம்புப் பட்டைகளை வைத்து நட்டு முடுக்கி, ஒன்றன் பின் ஒன்றாக இணைத்து, காவல்கார பி.எம்.எஸ். (பேட்டரி மேலாண்மை) பலகையின் மெல்லிய ஒயர்களைச் செல்லுக்கு ஒன்றாகப் பொருத்தி, சோலாரைத் திறந்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் சார்ஜ் ஏறுவது நின்றுவிட்டது. மொத்த மின்னழுத்தம் 56 வோல்ட்டைத் தாண்ட வேண்டியது, 54.3-இல் அறுந்து நின்றது. செல்பேசியில் பார்த்தால் பதினைந்து செல்கள் 3.37, 3.38 என்று சாவகாசமாக உட்கார்ந்திருக்கின்றன. பதினோராவது மட்டும் 3.65. அதுதான் எல்லைக்கோடு. பி.எம்.எஸ். கதவைச் சாத்திவிட்டது. மைத்துனர் முதலில் பலகையைச் சந்தேகப்பட்டார், பிறகு விற்றவரை, கடைசியில் யோசனை சொன்ன என்னை.

மூவரும் குற்றவாளிகள் இல்லை. முந்தைய நாள் மல்டிமீட்டர் காட்டிய 3.29 பொய்யும் இல்லை. ஆனால் அந்த எண்ணில் சேதி எதுவும் இல்லை. இந்த வகைச் செல்லின் விசித்திரமே அதுதான்.

ஏன் வரிசையாகக் கோக்க வேண்டும் என்பதிலிருந்து வருகிறேன். ஒரு செல்லின் மின்னழுத்தம் சராசரியாக 3.2 வோல்ட். அதை வைத்து 5,000 வாட் இழுக்க வேண்டுமானால் 1,500 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும்; கை தடிமனுக்கு ஒயர் போட வேண்டியிருக்கும். பதினாறைத் தொடராக இணைத்தால் 51.2 வோல்ட். அதே வேலைக்கு நூறு ஆம்பியர் போதும். விலை என்னவென்றால், தொடரில் நிற்கும் எல்லாச் செல் வழியாகவும் ஒரே மின்னோட்டம்தான் போகும். ஒருவனுக்குக் கூட, ஒருவனுக்குக் குறைய என்று பங்கு வைக்க வழியில்லை. பதினைந்து செல்கள் 90 சதவீதத்திலும் ஒன்று 95-லும் இருக்கிறது என்று வையுங்கள். எல்லாவற்றுக்கும் ஐந்து சதவீதம் ஏறும்போது ஒன்று நிரம்பிவிடும். அதோடு எல்லாருக்கும் பந்தி முடிந்தது. காலியாகும்போதும் இதே கதை, எதிர்த்திசையில்: முதலில் வற்றுகிற செல்தான் இந்தப் பேட்டரி வங்கி மூடும் நேரத்தைச் சொல்லும்.

பக்க இணைப்பில் இந்தத் தொல்லை இல்லை. நேர்முனைகள் ஒன்றாகவும் எதிர்முனைகள் ஒன்றாகவும் கட்டப்பட்ட செல்கள், அடியில் குழாய் போட்டு இணைத்த தொட்டிகள் மாதிரி. மட்டம் தானாகச் சேரும். 2012-இல் வந்த டெஸ்லா மாடல் எஸ் காரின் 85 யூனிட் பேட்டரியில் விரல் நீளச் செல்கள் 7,104 இருந்தன. அத்தனைக்கும் தனித்தனியே காவல் தேவைப்படவில்லை. எழுபத்துநான்கு செல்களைப் பக்க இணைப்பில் ஒரு கட்டாகக் கட்டி, அப்படி 96 கட்டுகளைத் தொடராகக் கோத்தார்கள். பார்த்துக்கொள்ள வேண்டியது அந்த 96 கட்டுகளை மட்டும்.

ஆனால் தொடர் இணைப்பு என்பது லித்தியத்தோடு பிறந்ததல்ல. கார் பேட்டரி, பழைய இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாமே இரண்டு வோல்ட் ஈயச் செல்கள் ஆறு கோத்தவைதான். அவற்றுக்குச் சமன் செய்யும் பலகை என்று ஒன்றைக் கண்டதுண்டா? மாதத்துக்கு ஒருமுறை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றியதோடு சரி. அந்தத் தண்ணீர் ஏன் குறைந்தது என்று நாம் யோசித்ததில்லை. அதில்தான் பதில் இருக்கிறது.

எங்கள் தாமிரபரணிப் பக்கம் குளங்கள் சங்கிலியாக இருக்கும். மேல்குளம் பெருகினால் மறுகால் பாயும். வட மாவட்டங்களில் ஏரி கோடி போகிறது என்பார்கள், சில இடங்களில் கலங்கல் என்பார்கள்; விஷயம் ஒன்றே. கரையில் ஓரிடத்தில் கல் பாவி, நிரம்பிய பின் வரும் தண்ணீர் கரையை உடைக்காமல் வழிந்து அடுத்த குளத்துக்குப் போக வழி விட்டிருப்பார்கள். மேல்குளம் சிறியதா, கீழ்க்குளம் பெரியதா என்ற கணக்கே வேண்டாம். தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் கடைசிக் குளமும் பெருகிவிடும்.

ஈயச் செல்லுக்கு இந்த மறுகால் பிறவியிலேயே உண்டு. அது நிரம்பிய பிறகும் மின்னோட்டம் வந்தால், அந்த மின்னோட்டம் உள்ளே இருக்கும் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்கத் தொடங்கும். குமிழி கிளம்பும். செல்லுக்குப் பெரிய சேதமில்லை. மின்னோட்டமும் தடையில்லாமல் அடுத்த செல்லுக்குப் போகும். பின்தங்கிய செல்கள் நிரம்பும்வரை முந்தியவை கொதித்துக்கொண்டு காத்திருக்கும். வேண்டுமென்றே சற்று அதிக மின்னழுத்தம் கொடுத்து இப்படிக் கொதிக்கவிடுவதை ஈக்குவலைசேஷன் என்று பேட்டரிக்காரர்கள் சொல்வார்கள். நாம் ஊற்றிய தண்ணீர் அந்தப் பொறுமையின் கூலி. (அந்த ஹைட்ரஜன் தீப்பிடிக்கும் என்பதால் பேட்டரியை அடைத்த அலமாரிக்குள் வைக்கக் கூடாது. நிறைய வீடுகளில் அங்கேதான் இருக்கிறது.)

லித்தியம் செல் மறுகால் இல்லாத குளம்.

அதற்குள் தண்ணீரே கிடையாது, இருந்தால் ஆபத்து. நடப்பது போக்குவரத்து மட்டும். சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் அயனிகள் இரும்பு பாஸ்பேட்டை விட்டுக் கிளம்பி, மின்பகு திரவத்தைக் கடந்து, எதிர்ப்பக்கம் இருக்கும் கிராஃபைட் அடுக்குகளுக்குள் போய் உட்காரும். பயன்படுத்தும்போது திரும்பி வரும். பயணிகள் கணக்கும் இருக்கைக் கணக்கும் நிச்சயமானவை. புறப்பட வேண்டிய லித்தியம் எல்லாம் புறப்பட்ட பிறகும் நீங்கள் மின்னோட்டத்தைத் தள்ளினால், மின்னழுத்தம் செங்குத்தாக ஏறும். வேறு வேலை கிடைக்காத மின்னோட்டம் மின்பகு திரவத்தையே சிதைக்கும். வாயு உண்டாகிச் செல் வயிறு உப்பும். மறுபக்கம், வற்றவிட்டாலும் ஆபத்துதான். ஒரு செல் முழுக்கக் காலியான பின்பும் மற்ற பதினைந்தும் மின்னோட்டத்தை அதன் வழியே பிடித்துத் தள்ளினால், அதன் முனைகள் தலைகீழாகலாம். கிராஃபைட்டைத் தாங்கும் செம்புத் தகடு கரையும். கரைந்த செம்பு அடுத்த சார்ஜில் எங்கே போய்ப் படியும் என்று நம்மால் சொல்ல முடியாது. உள்ளேயே குறுக்குச் சுற்று ஆகலாம். மற்ற லித்தியம் வகைகளைவிட இரும்பு பாஸ்பேட் தீ விஷயத்தில் சாது. சாது மிரண்டால் என்பது இதற்கும் பொருந்தும்.

ஆகவே நிரம்பியவன் வழிய முடியாது; நிறுத்தத்தான் முடியும். பி.எம்.எஸ். செய்தது அதைத்தான்.

சரி, பதினோராவது செல் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது முதல் நாளே ஏன் தெரியவில்லை?

விடை இந்த வேதிப்பொருளின் குணத்தில் இருக்கிறது. அதன் கதையில் நமக்கு ஒரு பங்கு உண்டு. தமிழ்நாட்டில் அமராபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்த ஆறுமுகம் மந்திரம், 1980-களின் பிற்பாதியில் ஜான் குட்இனஃப் என்ற பேராசிரியரோடு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். வெறும் ஆக்சைடுக்குப் பதிலாக சல்பேட் போன்ற தொகுதிகளை இரும்போடு சேர்த்தால், மலிவான இரும்பிலிருந்தே நல்ல மின்னழுத்தம் கிடைக்கும் என்று அவர்கள் காட்டினார்கள். அந்தத் தடத்தில் போய், அதே ஆய்வகத்தில் அக்ஷய பாதி, நஞ்சுண்டசாமி ஆகியோர் குட்இனஃபோடு சேர்ந்து இரும்பு பாஸ்பேட்டை 1997-இல் எழுதி வெளியிட்டார்கள். 2019-இல் வேதியியல் நோபல் பரிசு குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் கிடைத்தபோது குட்இனஃபுக்கு வயது 97. ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரையை வாசித்தவர் மந்திரம்தான்.

அவர்கள் கண்டெடுத்த பொருளுக்கு ஒரு குணம். லித்தியம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும்போது அது உப்புக் கரைவது போல எங்கும் ஒரே சீராகக் குறைவதில்லை. லித்தியம் நிறைந்த பகுதி, லித்தியம் காலியான பகுதி என்று இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. சார்ஜ் ஏற ஏற ஒன்று சுருங்கி மற்றொன்று விரிகிறது. இரண்டின் இயல்பும் மாறுவதில்லை. அதனால் மின்னழுத்தமும் மாறுவதில்லை.

இட்லிப் பானையை நினைத்துக்கொள்ளுங்கள். கொதி வந்தபின் அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. தண்ணீரும் ஆவியும் சேர்ந்து இருக்கும்வரை வெப்பமானி ஒரே எண்ணைத்தான் காட்டும். பானையில் முக்கால் தண்ணீர் இருக்கிறதா, கால்தான் மிச்சமா என்று வெப்பமானியைக் கேட்டுப் பயனில்லை. தண்ணீர் வற்றிய அடுத்த நிமிடம் சூடு எகிறி அடிப்பிடிக்கும். அம்மா பானைக்குள் ஒரு காசு போட்டுவைப்பாள். அது கடகடவென்று ஆடும் சத்தம் மாறினால் தண்ணீர் தீர்ந்துகொண்டிருக்கிறது.

இரும்பு பாஸ்பேட் செல் அப்படித்தான். 20 சதவீதத்திலிருந்து 90 வரை போவதற்குள் ஓய்வு நிலை மின்னழுத்தம் ஏறுவது ஏறத்தாழ பத்தில் ஒரு வோல்ட். அதிலும் நடுவே நீண்ட சமவெளிகள். பிறகு கடைசிச் சில சதவீதத்தில் 3.40, 3.45 என்று தொடங்கிக் கண்முன்னே 3.65-க்குத் தாவும். என் மைத்துனர் அளந்த பதினாறும் சமவெளியில் நின்றவை. அவற்றுக்குள் ஐந்து சதவீதம் வித்தியாசம் இருந்தது; மல்டிமீட்டருக்கு அது கண்ணில் படவில்லை. படவும் முடியாது. உண்மை ஓரங்களில்தான் வெளிவரும்.

இதனாலேயே ஒரு பரவலான வைத்தியம் பலிப்பதில்லை. புதுச் செல்களை ஒரு ராத்திரி பக்க இணைப்பில் கட்டி வைத்தால் தானாகச் சமமாகிவிடும் என்பார்கள். தொட்டிகளின் மட்டம் சேரும் என்று நான்தான் மேலே சொன்னேன். ஆனால் அதற்கு மட்டத்தில் வித்தியாசம் வேண்டும். அரைகுறையாக நிரம்பிய இரும்பு பாஸ்பேட் செல்களுக்குள் சில மில்லிவோல்ட் வித்தியாசம்தான். அதைக் கொண்டு அந்த ஐந்து சதவீதம், பதினான்கு ஆம்பியர்-மணி, நகர்ந்து முடிய எத்தனை ராத்திரி ஆகும் என்று யாரும் காத்திருந்து பார்ப்பதில்லை.

தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ஏற்ற இறக்கம் இருக்கலாம், சரி. ஒருமுறை சமன் செய்துவிட்டால் பிறகு ஏன் விலக வேண்டும்? யோசித்தால் விலகக் காரணமே இல்லை. தொடரில் எல்லாருக்கும் ஒரே மின்னோட்டம்; போனதும் ஒன்றே, வந்ததும் ஒன்றே. பயன்பாடு செல்களைப் பிரிப்பதில்லை. பிரிப்பது கசிவு. கிராஃபைட்டின் மேல் ஒரு மெல்லிய படலம் செல்லின் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கிறது. அதற்குக் கொஞ்சம் லித்தியம் செலவாகிறது. இன்னும் சில சின்னச் சின்ன பக்கவினைகள். இவை செல்லுக்குச் செல் இம்மியளவு வேறுபடும். சூடு ஏறினால் வேகமாகும். நெருக்கி அடுக்கிய வரிசையில் நடுவில் நிற்கும் செல் ஓரத்துச் செல்லைவிடச் சூடாக இருக்கும். மொட்டைமாடியில் சித்திரை மாதத்தில் கேட்கவே வேண்டாம்.

கசிவு எவ்வளவு இருக்கும்? ஒரு கணக்குக்கு, இரண்டு செல்களின் கசிவில் இரண்டு மில்லியாம்பியர் வித்தியாசம் என்று வைப்போம். ஒரு சின்ன எல்.இ.டி. மினுங்கும் அளவுதான். ஒரு நாளைக்கு 48 மில்லியாம்பியர்-மணி. வருடத்துக்கு 17.5 ஆம்பியர்-மணி, அதாவது 280-இல் ஆறு சதவீதம். செல் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, யாரும் தவறு செய்யவில்லை. வங்கி மட்டும் வருடத்துக்கு ஆறு சதவீதம் குறுகிக்கொண்டே வரும்.

இங்கே பி.எம்.எஸ். பலகையில் ஒரு ஓரத்தில் இருக்கும் பொடி மின்தடைகள் வேலைக்கு வருகின்றன. செல்லுக்கு ஒன்று. எந்தச் செல் முந்துகிறதோ அதன் குறுக்கே அந்தத் தடையை இணைத்து, அதன் மின்சாரத்தில் கொஞ்சத்தை வெறும் சூடாக எரித்துவிடுவது. பெயர் பேஸிவ் பேலன்ஸிங். சாதாரணப் பலகைகளில் இது 50 முதல் 100 மில்லியாம்பியர் வரைதான். மூன்றரை வோல்ட்டில் 100 மில்லியாம்பியர் என்றால் மூன்றில் ஒரு வாட்டுக்குச் சற்று மேல். குளத்துக்கு மறுகால் வெட்ட முடியாததால் வெளியிலிருந்து ஒரு உறிஞ்சுகுழல் போட்டது போல.

இவ்வளவு சின்ன குழல் எதற்கு ஆகும் என்று தோன்றும். பதினோராவது செல்லின் உபரி பதினான்கு ஆம்பியர்-மணி. சோலார் வங்கி ஒரு நாளில் உச்சத்தில் நிற்பது ஒரு மணிநேரம் என்றால் அன்றைக்கு உறிஞ்சியது 0.1 ஆம்பியர்-மணி. முழுதும் சரியாக 140 நாள். என் மைத்துனர் இதைக் கேட்டு, ஐந்து ஆம்பியர் ஆக்டிவ் பேலன்சர் வாங்கலாம் என்றார். அது எரிப்பதில்லை, முந்திய செல்லிலிருந்து எடுத்து மின்தேக்கி வழியாகவோ கம்பிச்சுருள் வழியாகவோ பிந்திய செல்லுக்குக் கொடுக்கும். ராபின்ஹுட் பலகை என்று வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு அதில் பெரிய ஆசை இல்லை. கணக்கை இன்னொரு பக்கத்திலிருந்து பாருங்கள். ஆரம்ப வித்தியாசத்தை ஒருமுறை கையால் தீர்த்துவிட்டால், அப்புறம் அன்றாடம் சமாளிக்க வேண்டியது 48 மில்லியாம்பியர்-மணிக் கசிவு. 100 மில்லியாம்பியர் மின்தடைக்கு அது அரைமணி நேர வேலை. அந்தப் பொடி மின்தடை பழைய கடனை அடைக்க வைத்ததல்ல, அன்றன்றைய வட்டியைக் கட்ட வைத்தது. நல்ல செல்களுக்கு அது தாராளம். எப்போதும் ஐந்து ஆம்பியர் தேவைப்படுகிற வங்கி என்றால் அதற்குள் ஒரு செல் நோயாளி. பேலன்சர் நோயை மறைத்துவைக்கும்.

போதாக்குறைக்கு, இந்தப் பேலன்சர்கள் மின்னழுத்தத்தை மட்டும் பார்த்து நியாயம் வழங்குகின்றன. சமவெளியில் மின்னழுத்த வித்தியாசம் எதைக் காட்டும்? பல நேரம் நட்டு முடுக்கின லட்சணத்தை. ஒரு நல்ல 280 ஆம்பியர்-மணிச் செல்லின் உள்தடை ஓம் என்ற அளவில் ஆயிரத்தில் கால் பங்குதான், கால் மில்லியோம். செம்புப் பட்டை சரியாக உட்காராமல் ஒரு இணைப்பில் ஒரு மில்லியோம் கூடினால், நூறு ஆம்பியர் ஓடும்போது அங்கே பத்தில் ஒரு வோல்ட் விழும். சமவெளியின் மொத்த ஏற்றமே அவ்வளவுதானே! அந்தச் செல் சார்ஜ் ஏறும்போது நிரம்பிவழிவது போலவும், இறங்கும்போது வற்றிப்போனது போலவும் தெரியும். மின்னோட்டம் நின்றால் இரண்டும் மறைந்துவிடும். அனுபவசாலிகள் வித்தியாசம் கண்டால் முதலில் தேடுவது ஸ்பானரை. நாளெல்லாம் விழித்திருக்கும் ஆக்டிவ் பேலன்சரோ அந்தப் பொய்யை நம்பி, சமமாக இருந்த செல்களிலிருந்து சார்ஜை அள்ளி இங்கும் அங்கும் கொட்டி, இல்லாத பேதத்தை உண்டாக்கிவிடும். ஆகவே எந்தப் பேலன்சர் ஆனாலும் 3.40 வோல்ட்டுக்குக் கீழே அது தூங்க வேண்டும்.

மைத்துனர் இப்போது சரியான கேள்வியைக் கேட்டார். "அப்ப எல்லாத்தையும் எங்கீங்க மாமா சமமாக்கறது? மேலயா, கீழயா?"

சமன் செய்வது என்றாலே செல்களை ஒன்றுபோல ஆக்குவது என்று நினைக்கிறோம். ஆக்க முடியாது. 280 என்று அச்சடித்த செல்களில் ஒன்று 283 இருக்கும், ஒன்று 278 இருக்கும். அந்தக் கொள்ளளவை எந்தப் பலகையும் கூட்டவோ குறைக்கவோ போவதில்லை. நம்மால் ஆவது, அவை எந்த இடத்தில் ஒன்றுகூட வேண்டும் என்று முடிவு செய்வது மட்டும். உயரம் வேறான பதினாறு டம்ளர்களை வரிசையாக வைத்தால், விளிம்பைச் சேர்த்துப் பிடிக்கலாம். அல்லது அடியைச் சேர்த்து வைக்கலாம். இரண்டும் ஒரே நேரத்தில் சேராது.

விளிம்பைச் சேர்த்தால் எல்லாம் ஒரே கணத்தில் நிரம்பும். காலியாகும்போது குட்டை முதலில் தரைதட்டும். அடியைச் சேர்த்தால் எல்லாம் ஒன்றாகத் தரைதட்டும். நிரம்பும்போது குட்டை முதலில் முட்டும். கிடைக்கும் மொத்த மின்சாரம் இரண்டிலும் ஒன்றே, குட்டை டம்ளரின் அளவு. வித்தியாசம், ஆபத்து எந்த ஓரத்தில் இருக்கிறது என்பதில். பழைய பெட்ரோல் கார்களைத் தாங்களே மின்சாரக் காராக மாற்றிய சிலர் அடியைச் சேர்த்தார்கள். நடுரோட்டில் வண்டி மொத்தமும் ஒன்றாகச் சோர்ந்து நிற்கட்டும். ஒரு செல் மட்டும் வற்றி, மற்றவை அதைத் தலைகீழாகத் தள்ள வேண்டாம் என்ற எண்ணம். சோலார் வீடு வேறு. அது தினம் மத்தியானம் உச்சத்தைத் தொடும். அடியைத் தொடுவது ஐப்பசி அடைமழையில் என்றாவது. தினம் போகிற ஓரத்தில்தான் சந்திப்பை வைக்க வேண்டும். கசிவு வித்தியாசத்தை உறிஞ்ச மின்தடைக்கு வாய்ப்புக் கிடைப்பதும், சமவெளி முடிந்து உண்மை தெரிவதும் அங்கேதான்.

பூமியைச் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலும் இப்படி ஒரு சோலார் வங்கி இருக்கிறது. அங்கே ஒரு பகல் ஒன்றரை மணிநேரச் சுற்றின் ஒரு பகுதி. நாளைக்குப் பதினாறு முறை சார்ஜ் ஏறி இறங்கும். 2017 தொடங்கி 2021-க்குள் 48 நிக்கல்-ஹைட்ரஜன் பேட்டரிகளை எடுத்துவிட்டு 24 லித்தியம் பேட்டரிகளை மாட்டினார்கள். ஸ்பானர் எடுத்துப் போக வேண்டுமானால் விண்வெளி உடை போட வேண்டிய இடம். கழற்றிய பழைய பேட்டரிகளில் சிலவற்றை ஒரு தட்டில் அடுக்கி விண்வெளியில் விட்டார்கள். வளிமண்டலத்தில் எரிந்து போகும் என்றுதான் நினைத்தார்கள். 2024 மார்ச்சில் அந்தத் தட்டின் ஒரு உலோகத் துண்டு, முக்கால் கிலோ போல, ஃபுளோரிடாவில் ஒரு வீட்டுக் கூரையைத் துளைத்துக்கொண்டு விழுந்தது. பழைய பேட்டரியை என்ன செய்வது என்ற கேள்வி எல்லா வீட்டிலும் உண்டு.

மாடி அறைக்கு வருவோம். விளிம்பைச் சேர்க்கும் வேலைக்குத் தேவை ஒரு பவர் சப்ளை, ஸ்பானர், பொறுமை. பதினாறையும் பக்க இணைப்பில் கட்டி 3.65 வோல்ட் கொடுத்து, மின்னோட்டம் தேய்ந்து பூஜ்யத்தை நெருங்கும்வரை விட வேண்டும். இங்கேயும் கணக்குப் போடாதவர்கள் மாட்டிக்கொள்வார்கள். பதினாறு செல்கள் பக்கத்தில் சேர்ந்தால் 4,480 ஆம்பியர்-மணிக் குளம். பாதி நிரம்பிய நிலையில் தொடங்கி, பத்து ஆம்பியர் கருவியால் நிரப்ப ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். நாலாம் நாள் பொறுமையிழந்து மின்னழுத்தக் குமிழைத் திருகி உயர்த்திவிட்டுத் தூங்கப் போனவர்களின் செல்கள்தான் உப்பிப்போகின்றன. முதலில் தொடரிலேயே சார்ஜ் ஏற்றி, முந்துகிற செல் உச்சத்தைத் தொட்டபின் பிரித்துப் பக்கமாகக் கட்டுவதே புத்திசாலித்தனம். நமக்கு அந்த வேலையை பி.எம்.எஸ். ஏற்கெனவே முடித்துக் கொடுத்திருந்தது. மிச்சம், பதினைந்து செல்களுக்குத் தலா பதினான்கு, 210 ஆம்பியர்-மணி. இருபத்தோரு மணிநேரம்.

செல்லை இணைப்பதற்கு முன்பே குமிழை 3.65-இல் வைத்து, மல்டிமீட்டரால் சரிபார்த்து, பிறகு தொடமாட்டேன் என்று மைத்துனர் சத்தியம் செய்தார். வெள்ளிக்கிழமை இரவு தொடங்கியது. கருவி பத்து ஆம்பியரைத் தள்ளிக்கொண்டிருக்க, மின்னழுத்தம் 3.38-இல் மணிக்கணக்காக அசையவே இல்லை. சனிக்கிழமை மத்தியானம் 3.40. சாயங்காலம் மேட்டில் ஏறத் தொடங்கியதும் ஒரு மணிநேரத்துக்குள் 3.5-ஐத் தாண்டியது. அதன்பிறகு மின்னழுத்தம் நின்று மின்னோட்டம் விழ ஆரம்பித்தது: ஒன்பது, ஐந்து, இரண்டு. நள்ளிரவில் அரை ஆம்பியருக்குக் கீழே போனதும் பிடுங்கினோம்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி தொடராகக் கோத்து, இம்முறை ஒவ்வொரு பட்டையையும் உப்புத்தாள் போட்டுத் துடைத்து, ஒரே இறுக்கத்தில் முடுக்கி, கொஞ்சம் செலவழித்துவிட்டுச் சோலாரைத் திறந்தோம். பன்னிரண்டரைக்கு எல்லாம் 3.42. கால் மணிநேரத்தில் பதினாறும் சேர்ந்து 3.50-ஐத் தொட்டன, முதலுக்கும் கடைசிக்கும் எட்டு மில்லிவோல்ட் இடைவெளி. நாலாவது செல் ஒரு மயிரிழை முன்னால். பலகையில் அதன் எதிரே இருந்த மின்தடையின் பக்கம் விரலைக் கொண்டுபோனார் மைத்துனர். இளஞ்சூடாக இருந்தது. இன்வெர்ட்டர் 56-ஐத் தாண்டி, முழுதாக நிரம்பியது என்று தானே நின்றது.

கீழே இறங்கி வந்தோம். மாடிப்படிக்கு அடியில் பழைய ஈய பேட்டரிகள் இரண்டும் காயலான்கடைக்காரருக்காகக் காத்திருந்தன. பக்கத்தில் பாதி மிச்சமிருந்த டிஸ்டில்டு வாட்டர் கேன். மைத்துனரின் அம்மா, என் அத்தை, அதைக் காட்டி, "இந்த மாசம் பேட்டரிக்குத் தண்ணி ஊத்தவே இல்லையே கண்ணு" என்றார்.

"புதுசுக்குத் தண்ணியே வேண்டாம்மா. அது பாட்டுக்கு இருக்கும்."

"அப்பறம் எதுக்கு மூணு நாளா ரெண்டு பேரும் சோறு தண்ணி இல்லாம மாடியிலயே கெடந்தீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் இலை போடப் போனார்.